மனப்பாடம் செய்யச் சொன்னேன்

மாகறலிலிருந்து வரும் செல்வியும் நானும் காஞ்சிபுரத்தில் ஒரே மருத்துவமனையில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வுக்குச் சேர்ந்தே படித்தோம். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் நான். பயிற்சி வகுப்பில் பாராட்டு வாங்குவதோ தமிழ் மீடியம் செல்வி. எனக்கு வயிறு எரியும்.

"பேசுற டெஸ்டுக்கு என்னாடி பண்றது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பதிலை அப்படியே மனப்பாடம் பண்ணிடு," என்றேன். ஒப்பிக்கிறோம் என்று தேர்வாளர் கண்டுபிடித்தால் மதிப்பெண் குறையும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

முடிவு வந்தது. அவள் தேறியிருந்தாள். பேச்சுத் தேர்வில் எனக்கு மதிப்பெண் போதவில்லை.

"நீ சொன்ன மாதிரிதான் மனப்பாடம் பண்ணிக்கினு போனேன். பயத்துல எல்லாம் மறந்துபோச்சு. வார்டுல நடக்கறதையே பேசிட்டு வந்தேன்," என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதடி. விசா வர்ற வரைக்கும் டூட்டி முடிஞ்சதும் தினம் உங்கூட இங்கிலீஷ்லயே பேசறேன்."

மாகறல் பஸ்ஸை விட்டுவிட்டுக்கூடப் பேசினாள். இரண்டாம் முறை நான் தேறினேன்.

அடுத்த மாதம் அவள் இருக்கும் நாட்டுக்கே போகிறேன். விமான நிலையத்துக்கு அவளே வருகிறாளாம். அவளைப் பார்த்ததும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.