ஜமீலா டீச்சரும் நான் சாத்திய ஜன்னலும்

போன வெள்ளிக்கிழமை மணமேல்குடி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது காளியம்மாள் போன் செய்தார். மீன் விற்பவர், நான் எச்எம்மாக இருக்கும் பள்ளியில் மகளைப் படிக்க வைத்தவர். "சார், நம்ம ஜமீலா டீச்சர் தவறிட்டாங்க. ஒங்களுக்குச் சொன்னாங்களா?" யாரும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

டீச்சரோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் உங்களுக்கு நினைவிருக்கும். புதுக்கோட்டை டவுனில் பிறந்தவர். கடற்காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் இங்கே வந்தார். திசைப் பாடம் வந்ததும் காளியம்மாளையே அழைத்துவிட்டார். பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, எந்தக் கன்னத்தில் காற்று படுகிறது என்று காளியம்மாள் கேட்பார். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கச்சான். டீச்சரும் வரிசையில் நின்று தப்புத் தப்பாகச் சொல்வார். "எச்எம் மட்டும் ஏன் நிழல்ல நிக்கிறீங்க? இங்கிட்டு வாங்க சார்" என்று கூப்பிடுவார். நான் போனதில்லை. பெரிய கௌரவம் எனக்கு.

ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று மேசைத் தாள்கள் பறந்தன. பதறிப்போய் எல்லா ஜன்னலையும் சாத்தினேன். புழுக்கத்துக்கு ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டேன். அவர் டீச்சரின் பாடக்குறிப்பைப் புரட்டிவிட்டு, "இப்ப என்ன காத்து அடிக்குது?" என்று கேட்டார். பிள்ளைகள் கண்ணை மூடினார்கள். காளியம்மாளின் மகள் முகத்தை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிப் பார்த்து, உள்ளதைச் சொன்னாள்: "ஃபேன் காத்து சார்."

கேலி செய்வதாக நினைத்துவிட்டார் அதிகாரி. கடலோரப் பிள்ளைகளுக்குக் காற்றின் திசைகூடத் தெரியவில்லை, டீச்சர் புத்தகத்தை விட்டு என்னவோ நடத்துகிறார் என்று எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். ஜன்னலைப் பற்றி வாயே திறக்கவில்லை. டீச்சருக்கு ஆவுடையார்கோவில் பக்கம் மாற்றல் வந்தது. போகிற அன்று, "அந்தப் பிள்ளை சரியாத்தான் சொல்லுச்சு சார். அதை மட்டும் அதுக்கிட்ட சொல்லிருங்க" என்றார். தலையாட்டினேன். சொல்லவில்லை. சொன்னால் ஜன்னலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகும் ஆறு வருஷமாக அதே நாற்காலியில் இருக்கிறேன். ஆய்வு என்றால் இன்றும் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போகிறது. அந்தப் பிள்ளை அதன்பிறகு வகுப்பில் கை தூக்கியதே இல்லை.

டீச்சர் என்னிடம் விட்டுப்போனது அந்த ஒரு வேலைதான். நேற்று காளியம்மாள் வீட்டுக்குப் போனேன். மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. "அன்னைக்கு நீ சொன்னது சரிம்மா. ஜன்னலைச் சாத்துனது நான்" என்றேன்.

"தெரியும் சார்" என்றாள். "நீங்க சாத்துனப்ப நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்."