கொதிக்க வைத்த குறடு

கச்சாப் பட்டு சோப்புத் தண்ணீரில் வேகும்போது ஒரு வாடை எழும், ஈரத் தலைமுடியும் சோப்பும் கலந்தாற்போல. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை முழுக்க அந்த வாடைதான். நூலின் மேல் ஒட்டியிருக்கும் பசை போக அப்பா அதை அண்டாவில் கொதிக்கவிடுவார், "கொதிதண்ணிக்குத் தப்பின அழுக்கு எங்க இருக்குது?" என்பது அவருடைய வேதவாக்கு.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் சொத்தையாகி முகம் வீங்கிவிட்டது. கடைத்தெருவில் பல் பிடுங்குகிறவர் குறடைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்ததும் அப்பா மறித்துவிட்டார். "ஏம்பா, பட்டுல ஒட்டிக்கினு இருக்கிற பசையே கொதிச்சாத்தான் போவுது, ஊரான் எச்சில் துண்டுல தொடச்சாப் போயிடுமா?" பல் பிடுங்குகிறவர் முறைக்க முறைக்க, ஆளையும் குறடையும் வீட்டுக்கே இழுத்துவந்து, எங்கள் பட்டு அண்டாவிலேயே அதை வேகவைத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. பல் கழன்று வந்துவிட்டது, அப்பாவை நினைத்து எனக்கு ஒரே பெருமை.

சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் அம்மாவுக்கு இதய வால்வு ஒன்று பழுதாகியிருந்தது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பல் பிடுங்குகிறவரிடம் சொல்ல யாருக்குத் தோன்றும்? பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

பல் புண் ஆறிய பிறகு அம்மாவைக் குளிர்காய்ச்சல் பிடித்தது, விடவேயில்லை. மூச்சுத் திணறியபோது அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியிலும் அதே பேச்சு: "கொறடைக் கொதிக்க வெச்சேங்களே!"

"நல்ல காரியம்தாங்க," என்றார் வார்டு டாக்டரம்மா. "ஆனா இது அடுத்தவங்க கிருமி இல்ல, இவங்க வாயிலயே இருந்தது. பல் புடுங்கின புண் வழியா ரத்தத்துல போயி, பழுதான வால்வுல ஒட்டிக்கிச்சு. வால்வு விஷயத்தை முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா, புடுங்கறதுக்கு முன்ன கிருமிய அடக்க மாத்திரை குடுத்திருப்பாங்க."

அம்மா செத்துவிடுவாள் என்றே நினைத்து அழுதேன். வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏறியது; பிழைத்து வந்தாள் மகராசி.

அந்தப் பல் கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் உறைகள் தொங்குகின்றன; துண்டில் குறடு துடைக்கிற ஆளை ஊரில் வலைவீசித் தேடினாலும் கிடைக்காது. போன மாதம் அம்மாவைச் செவிலிமேட்டில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப்போனோம். கருவிகளெல்லாம் ஒட்டிய உறைக்குள் பத்திரமாக வந்தன. சின்ன வயது டாக்டர், "ஆ காட்டுங்கம்மா" என்றார்.

"இரு மே, வாயைத் தொறக்காத," என்று அப்பா குறுக்கே வந்து நின்றார். "மொதல்ல இவ நெஞ்சைப் பத்திக் கேட்டுக்கோங்க டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க சார். அன்னிக்கு இதைச் சொல்லாம வுட்டு, இவளைத் தோள்ல போட்டுக்கினு ஓடினவன் நான்."