பன்னிரண்டு எழுத்து, தொண்ணூறு நாள்

மாலை ஐந்து நாற்பத்திரண்டுக்குத் தம்போய் கிளையின் டேப்லட் லாக் ஆனது. சிஸ்டம் பதிவில் அந்த நேரம் இருக்கிறது. அதை நான் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன். இப்போதும் சில நாள் பார்க்கிறேன்.

சிங்கப்பூரை ஒட்டிய எங்கள் ஊரில் ஏழு கிளைகள் உள்ள ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிறுவனத்தில் கணினிப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். பெற்றோரில் பலர் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள். விடியுமுன் பிள்ளையை விட்டுப் போவார்கள். மாலையில் எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டி வந்து கூட்டிப்போவார்கள். எந்தப் பிள்ளையை யாரிடம் கொடுக்கலாம் என்ற பட்டியல் டேப்லட்டில் இருக்கும்.

அதுவரை எல்லாக் கிளைக்கும் ஒரே பாஸ்வேர்ட், நிறுவனத்தின் பெயரும் 123-உம். ஐந்து வயதுப் பிள்ளைகளே அதை ராகம் போட்டுச் சொல்வார்கள். நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள். எனக்குப் பயமாக இருந்தது. ஆளுக்கொரு அக்கவுண்ட் போட்டு விதிகளை எழுதினேன். குறைந்தது பன்னிரண்டு எழுத்து. பெரிய எழுத்து, எண், குறியீடு கட்டாயம். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூன்று முறை தவறினால் லாக். திறந்துவிட என்னால் மட்டுமே முடியும்.

“இவ்ளோ கெடுபிடி வேணுமா?” என்று முதலாளி கேட்டார்.

“பிள்ளைங்க விஷயம் பாஸ்,” என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

விதியை எல்லோருக்கும் ஒரே நாளில் அமலாக்கினேன். ஆகவே தொண்ணூறாம் நாளும் எல்லோருக்கும் ஒன்றாகவே வந்தது. பாஸ்வேர்ட் மாற்றும் பக்கம் கணினியில்தான் வரும். டேப்லட் வெறுமனே ‘தவறு’ என்று மட்டும் காட்டும். இது எனக்குத் தெரியாது. என் மேசைக் கணினியில் மட்டுமே சோதித்திருந்தேன்.

அன்று காரோட்டிக்கொண்டிருந்தேன், போன் பைக்குள் கிடந்தது. சிக்னலில் எடுத்துப் பார்த்தால் ஆறு மிஸ்ட் கால், எல்லாம் தம்போயிலிருந்து. நேரே அங்கே காரைத் திருப்பினேன்.

“அக்கா, நான் சரியாத்தான் போட்டேன். மூணு தடவையும் தப்புன்னே சொல்லுது லா,” என்றாள் ஆசிரியை கலைவாணி. “ஐடா டீச்சரும் அவங்களோடத போட்டுப் பாத்தாங்க. அதுவும் லாக்.”

“பிள்ளைய எடுக்க யாராச்சும் வந்தாங்களா?”

“பதினொரு பேர். எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி. ஒருத்தரைத் தவிர.”

“யாரு அந்த ஒருத்தர்?”

“யாழினியோட மாமான்னு சொன்னாரு. பாப்பாவும் ஓடிப்போய் கையப் பிடிச்சிக்கிச்சு. லிஸ்ட்டப் பாக்க முடியல, வாசல்ல வரிசை நிக்குது. குடுத்துட்டேன்க்கா.”

காலணி அலமாரி மேல் மடிக்கணினியை வைத்து அக்கவுண்டைத் திறந்தேன். யாழினி, வயது நான்கு. பட்டியலில் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் மட்டுமே. கீழே ஒரு குறிப்பு: ‘தந்தை வந்தால் கொடுக்க வேண்டாம்.’ அந்தத் தந்தையின் முகத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

அம்மாவின் போன் அணைந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. போலீசுக்குச் சொன்னோம். அந்த ஆள் வந்த கார் என்ன நிறம் என்று கேட்டார்கள். கலைவாணி கவனிக்கவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். இடையில் வீட்டுக்குப் போன் போட்டு, கதவைப் பூட்டச் சொன்னேன். “பூட்டித்தான்மா இருக்கு. ஏன்?” என்றாள் மகள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

விதி எழுதும்போது வெளியே நிற்கும் திருடனை மட்டுமே நினைத்திருந்தேன். ஒரு கையில் டேப்லட், மறுகையில் அழுகிற பிள்ளை என்று உள்ளே நிற்கிறவளை நினைக்கவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பயன்படுத்துகிறவர் கையிலுள்ள கருவியில், அவர் நிற்கிற இடத்தில் நின்று சோதியுங்கள். லாக் ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதையும் விதியிலேயே எழுதுங்கள். இப்போது எங்களிடம் நீளமான பாஸ்வேர்ட் உண்டு, தொண்ணூறு நாள் கெடு கிடையாது. திறந்துவிடக் கிளைக்கு இருவர் இருக்கிறார்கள். அச்சிட்ட பட்டியல் பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது. பட்டியலைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் வாசல் தாண்டாது.

ஏழு மணி தாண்டி ஒரு கார் வந்து நின்றது. தொழிற்சாலைச் சீருடையோடு யாழினியின் அம்மா இறங்கினார். தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் ஓர் இளைஞர். போனைச் சார்ஜில் போட்டதும் எங்கள் அழைப்புகளைப் பார்த்துவிட்டு அம்மா நேரே வந்திருந்தார். கலைவாணி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

“என் தம்பிதான் டீச்சர். பாலத்துல மாட்டிக்கிட்டேன், அவனைப் போய் எடுக்கச் சொன்னேன். அப்புறம் பேட்டரி போயிடுச்சு,” என்றார். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான்தான் அனுப்பினேன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதில்ல. பின்ன எப்படிக் குடுத்தீங்க?”