மே டேக்கு ஒரு கையெழுத்து

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இருந்த அந்தப் பட்டறை ஆயுத பூசையை ஒரு வருடமும் மறந்ததில்லை. வாசலில் வாழைக்கன்று, தகடு வெட்டும் பிரஸ் மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் மறுநாள் வரை யாரும் அவற்றைத் தொடக் கூடாது. இரும்புக்கு ஓய்வு தர வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரும்பை இயக்குகிறவர்களுக்கும் ஒரு நாள் உண்டு என்பது, பன்னிரண்டு வருடமாக அங்கே பிரஸ் ஓட்டும் ரத்தினபாய்க்கே தெரியாது. ஏப்ரல் கடைசியில் சூப்பர்வைசர் தினகரன் கரும்பலகையில் எழுதுவார்: ‘1ஆம் தேதி மே டே. எல்லாரும் வரவும். பழைய துணி கொண்டு வரவும்.’ மேன்டனன்ஸ் டே என்பதைத்தான் சார் சுருக்கி எழுதுகிறார் என்று அங்கே வேலை பார்த்த பத்துப் பெண்களும் நினைத்திருந்தார்கள். கிழிந்த புடவையை மண்ணெண்ணெயில் நனைத்து மெஷின்களைத் துடைத்துவிட்டு மதியம் வீடு திரும்புவார்கள். அவரவர் வீட்டு நாட்காட்டியில் அந்தத் தாள் சிவப்பாகத்தான் இருந்தது. அதில் நல்ல நேரமும் எமகண்டமும் பார்த்தவர்கள் கீழே இருந்த ‘தொழிலாளர் தினம்’ என்ற எழுத்தைப் பார்க்கவில்லை. உயிரைக் கொடுத்து வாங்கிய நாள் கந்தல் துணி நாளாகிவிட்டது. இதை வெறும் அறியாமை என்று விட்டுவிட முடியாது. அந்த அறியாமையால் யாருக்கு ஆதாயம் என்று கேட்க வேண்டும்.

போன வருடம் அந்த நாளில் அவர்களில் ஒருத்தியான தனம் ஒரு பிரஸ்ஸுக்கு அடியில் கைவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

இ.எஸ்.ஐ. இழப்பீட்டுக்கு விபத்து அறிக்கை வேண்டும் என்று கேட்க, ரத்தினபாய்தான் தனத்தை முதலாளி சிட்டிபாபுவிடம் கூட்டிப்போனார். பெண்கள் இருவருக்கும் அனகாபுத்தூரில் ஒரே தெரு. சிட்டிபாபு வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். மே ஒன்றாம் தேதிக்கு நேரே, பத்துப் பெயருக்கும் சேர்த்துச் சிவப்பு மையில் ‘விடுமுறை’ என்று எழுதியிருந்தது.

“அன்னிக்கு லீவும்மா. மே டே. ஊருக்கே தெரியும். வூட்ல எதுலயோ கையக் குடுத்துட்டு இங்க வந்து நின்னா நான் இன்னா பண்றது?”

அந்தச் சிவப்பு மையில்தான் ரத்தினபாய் தன் விடுமுறையை முதன்முதலாகப் பார்த்தார்.

பம்மலில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் விசாரித்தார். அன்று கூட வேலை செய்தவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இ.எஸ்.ஐ. அதிகாரி விசாரித்தே ஆக வேண்டும் என்றார்கள். ரத்தினபாய் எட்டாம் வகுப்பு எழுத்தில் மனுவை எழுதி, தன் பெயரைப் போட்டு, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பதினோரு மாதம் அது அங்கேயே இருந்தது. இரண்டாவது கையெழுத்து விழவில்லை.

“நான் ஒண்ணும் பாக்கலக்கா. அந்தாண்ட துடைச்சிகினு இருந்தேன்” என்றாள் கூட வேலை செய்யும் அஞ்சம்மாள்.

“துடைச்சிகினு இருந்தல்ல? அத எழுது, போதும்.”

“எனக்கு ரெண்டு பொண்ணு கீது. வேல போச்சுன்னா நீ சோறு போடுவியா?”

ரத்தினபாய் தாளை மடித்து மறுபடி பையில் வைத்தார். தூக்கி எறியவில்லை.

இந்த வருடமும் பலகையில் அதே வரிகள். ஷேர் ஆட்டோவில் ரத்தினபாய் எல்லோரிடமும் சொன்னார்: “வாங்க, வராதீங்கன்னு சொல்லல. துணி மட்டும் எடுத்துகினு வராதீங்க.”

ஒன்றாம் தேதி காலை, தனம் போக மீதி ஒன்பது பேரும் வாசலில் நின்றார்கள். நான்கு பேர் கையில் துணி இருந்தது.

“இன்னாக்கா, உள்ள வராம மாநாடா?” என்றார் தினகரன்.

“ரெஜிஸ்டர எடுத்தாங்க சார். கையெழுத்துப் போட்டுட்டு வரோம்.”

“இன்னிக்கு லீவுக்கா. ரெஜிஸ்டர் எதுக்கு?”

“லீவுன்னா நாங்க எதுக்கு?”

அஞ்சம்மாள் சிரித்துவிட்டாள். தினகரன் போன் செய்ய, கால் மணி நேரத்தில் சிட்டிபாபுவின் கார் வந்தது.

“துடைக்கிறதுக்கெல்லாம் கையெழுத்தா?”

“விரல் போறதுக்கு வேணும் சார்.”

“அந்தக் கதைய இன்னும் விடலியா? கை போனா எல்லாரும் இப்டித்தான் என் வாசலுக்கு வருவீங்களா? இன்னிக்கு லீவு. எவ பேரும் ஏறாது. துடைக்கிறவ உள்ள போ, மத்தவங்க நாளைக்கு வரணுமான்னு யோசிச்சுக்குங்க.”

முதலாளியே தன் வாயால் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். உள்ளே போனால் அங்கே இருந்ததாகவே கணக்கில்லை. போன வருடம் தனம் இல்லாமல் போனதைப் போல இன்று ஒன்பது பேரும் இல்லாமல் போகலாம். துணி வைத்திருந்த நால்வரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆயுத பூசைக்கு மெஷினத் தொடாதன்னீங்க, தொடல” என்றார் ரத்தினபாய். “இன்னிக்கு எங்கள யாரும் தொடக் கூடாது. நாளைக்கு வரோம் சார்.”

திரும்பி நடந்தார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. எத்தனை பேர் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒருத்தி மட்டும் பட்டறைக்குள் போய்விட்டாள். தனத்தின் வீட்டில் உட்கார இடமில்லாமல் மீதி எட்டுப் பேரும் தரையில் நெருங்கி உட்கார்ந்தார்கள். தனம் இடது கையால் டீ ஊற்றினாள்.

“தீபாளிக்கு அதிரசம், கிறிஸ்மஸுக்குக் கேக்கு. இந்தப் பண்டிகைக்கு இன்னாக்கா பலகாரம்?” என்றாள் ஒருத்தி.

“பலகாரம் இல்லாத பண்டிக. அதான் மறந்துட்டோம்” என்றாள் தனம்.

ரத்தினபாய் மனுவைப் பிரித்துத் தரையில் வைத்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. பேனா கை மாறி மாறிப் போனது. அஞ்சம்மாள் கடைசியாக, நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

“இன்னொண்ணும் எழுதணும்க்கா. அன்னிக்கு சுவிட்சப் போட்டது தினகரன் சார். நான் பாத்தேன்.”

தனம் டீ பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

ரத்தினபாய் பேனாவை வாங்கித் தாளின் பின்பக்கத்தைத் திருப்பினார்.

“மெதுவா சொல்லு அஞ்சம்மா. எழுதறேன்.”