கெண்டைச்சதையும் நாலு ரூபாயும்

அன்று குற்றால அருவிக்கரையில் இருந்தது மூன்று பேர்: எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி, காண்டிராக்டர், அவரிடம் மலைக்குச் சுமை தூக்கும் நான். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு உளுத்துவிட்டதோ என்று பயந்து, ஒரு மாதமாக அதன்மேல் துணியை இறுக்கிக் கட்டியிருந்தேன்.

அண்ணாச்சி துணியை அவிழ்த்து எலும்பைத் தட்டினார், வலிக்கவில்லை. உள்ளோரத்தில் சதை ஒட்டும் இடத்தை அழுத்தினார், அலறிவிட்டேன்.

"கெண்டைச்சதை இறுகி எலும்பைப் பிடிச்சு இழுக்குதுலே. ஒரு மாசம் மலை ஏறாத. ஏறுனா எலும்புலயும் கீறல் விழுந்துரும்."

"பய நடிக்கான். நாளைக்கு வரலைன்னா பழைய கூலியும் கிடையாது," என்றார் காண்டிராக்டர்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன், எதற்கும் நடுங்குகிறவன் நான். ஆனாலும் எழுந்து நின்றேன். "வர மாட்டேன். கால் என்னுது. கூலியையும் விட மாட்டேன்."

ஒரு மாதம் மலை ஏறாமல் இருந்தேன், கால் தேறிவிட்டது. தென்காசிச் சந்தையில் காண்டிராக்டரைப் பார்க்கும்போதெல்லாம் பழைய கூலியை எல்லார் முன்னாலும் கேட்கிறேன்; கொஞ்சம் கொஞ்சமாகத் தந்து வருகிறார், இன்னும் தரவேண்டியது நாலு ரூபாய்.