குறிஞ்சாக்கேணியில் நான் ஊற்றிய தேத்தண்ணி

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை வவுனியாவிலிருந்து திருகோணமலைக்குப் புறப்பட்டேன். கடற்கரை பார்க்க அல்ல, மகளைப் பார்க்க. சுமதி உயிர் இரசாயனவியல் ஆராய்ச்சியாளர். சாப்பாடு உடம்புக்குள் போய் என்ன பாடுபடுகிறது என்று பதினொரு வருடமாகப் பார்க்கிறாள். அதற்கு அனுசேபம் என்று பெயராம். பள்ளிப் படிப்பைச் சாதாரண தரத்தோடு நிறுத்திவிட்ட எனக்கு அந்தச் சொல் வாயில் வரவே ஒரு வருடம் போனது. கண்டியில் எலிகள், ஜப்பானில் ஈரல் கலங்கள், இப்போது கிண்ணியா மீனவர்கள். வெறும் வயிற்றோடு கடலில் உழைக்கும் உடம்பு எதை எரிக்கிறது என்பதே அவளுடைய கேள்வி.

காலை 6.15 பஸ், 95 கிலோமீற்றர், மூன்றேகால் மணி நேரம், 430 ரூபா. இடப்பக்கம் இருங்கள், வெயில் குறைவு. திருகோணமலையிலிருந்து கிண்ணியா 20 கிலோமீற்றர், 45 நிமிடம், 100 ரூபா. பிறகு குறிஞ்சாக்கேணிக்கு ஓட்டோ 300.

"ரத்தம் எடுக்கிற மிஸ்ஸிட வாப்பாவா?" என்றார் ஓட்டோக்காரர்.

"ஓம்."

"எங்கட மாமாவும் நாளைக்கு வாறாரு. பசி தாங்குவாரு, ஊசிதான் தாங்கமாட்டாரு."

வெள்ளிக்கிழமை மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. அதனால் அன்று காலை பன்னிரண்டு பேரின் இரத்தம் வெறும் வயிற்றில் எடுக்க ஏற்பாடு. இதுதான் கடைசித் தொகுதி. இரத்தம் வைக்க இரவல் வாங்கிய குளிரூட்டி ஞாயிறு திரும்பிப் போய்விடும். இது பிழையாகிப்போனால் இரண்டு வருட வேலை அரைகுறை.

"அப்பா, நீங்க ஒண்டும் செய்ய வேணாம். கதிரையில இருங்கோ," என்றாள் சுமதி.

எனக்கு இருக்க ஏலாது. அதுதான் என் வியாதி. இரத்தம் எடுக்கும் மண்டபத்துக்குப் பின்னால் சமைக்க ஒரு குசினி. வெள்ளி காலை ஆறு மணிக்கே வந்து காத்திருக்கும் மனிதர்கள். இஞ்சி தட்டிப்போட்டு, சீனி தாராளமாகச் சேர்த்து, பன்னிரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குடித்தார்கள்.

சுமதி ஊசிகளோடு வந்தாள். "ஆர் குடுத்தது?"

"நான்தான். தேத்தண்ணிதானே பிள்ளை, சாப்பாடில்லையே?"

"அப்பா, சீனி!" சத்தம் போடவில்லை. ஊசிப்பெட்டியை மெதுவாக மூடினாள்.

அவர்களில் மூத்தவரான இப்றாகீம் நானா எழுந்தார். "குடிக்கக்கூடாதெண்டு எங்களுக்குத் தெரியும் மகள். உங்கட வாப்பா கையால ஊத்தித் தாறாரு, வேணாமெண்டு சொல்ல ஏலுமா?"

அவள் குளிரூட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு வாறம்," என்றார் நானா.

"நாளைக்கு உங்களுக்குத் தொழில் இருக்கே நானா?"

"மீனுகள் இன்னொரு நாள் உசிரோட இருக்கட்டும். முப்பது நாள் நோன்பு பிடிக்கிற ஆக்களுக்கு ஒரு காலை என்ன பெரிசா? வாப்பாவை மட்டும் கட்டிப்போடுங்க."

கட்டத் தேவையிருக்கவில்லை. சனிக்கிழமை ஐந்தரைக்கே கிண்ணியாப் பாலத்துக்கு ஓடிவிட்டேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு என் நடையில் ஆறு நிமிடம். பதினான்கு தடவை நடந்தேன். நீங்கள் ஒரு தடவை நடந்தால் போதும், காற்று நன்றாக இருக்கும். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகவில்லை. அவர்கள் பட்டினியாய் இருக்கும்போது எனக்குத் தேத்தண்ணிக் கடைப் பக்கம் திரும்பவும் மனம் வரவில்லை.

8.40க்கு அழைப்பு வந்தது.

"பன்னிரண்டும் எடுத்தாச்சு. எல்லாரும் பசியில இருக்கினம். எங்க நிக்கிறீங்க அப்பா? வந்து தேத்தண்ணி ஊத்துங்கோ."

பாலத்திலிருந்து குறிஞ்சாக்கேணிக்கு ஓட்டோ 300க்கு மேல் கொடுக்காதீர்கள். அன்று 500 கேட்டார். பேசாமல் ஏறிவிட்டேன்.