கம்பிக்காரியின் காது

கம்பிக்காரி கோபத்தில் செய்கிற தோடுகள்தான் நன்றாக விற்கும் என்று அவள் புருஷன் கிண்டல் செய்வான். அப்படிப் பார்த்தால் அந்த மாதம் அவள் விற்றுத் தள்ளியிருக்க வேண்டும். விற்கத்தான் கடை இல்லை. இணையச் சந்தைக்காரர்கள் அவள் கடையை இழுத்து மூடிவிட்டார்கள்.

செம்புக் கம்பியை வளைத்து, முறுக்கி, மணி கோத்துத் தோடு செய்கிறவள் என்பதால் கண்காட்சிகளில் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஒரு பழைய இஸ்திரி மேசைதான் பட்டறை. அந்த வீட்டில் செருப்பில்லாமல் நடந்தவர் யாரும் காலில் கம்பித் துண்டு குத்தாமல் தப்பியதில்லை. இத்தனை பாடுபட்டுச் செய்ததை முகநூலில் போட்டால், விலையைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும்போதே, விலை என்ன என்று இன்பாக்ஸில் வந்து கேட்பார்கள். சொன்னால் ஆளைக் காணோம். கண்காட்சிக்குப் போனாலோ, தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை வீட்டிலேயே செய்துவிடலாமே என்று அவள் காதில் விழும்படி சொல்லிக்கொண்டு நகர்வார்கள். போய்ச் செய்யேன், யார் உன் கையைப் பிடித்தது என்று கம்பிக்காரி பல்லைக் கடித்துக்கொள்வாள்.

இந்தக் கூத்துக்கு நடுவிலும் கடை நிமிர்ந்து நின்றதென்றால் அதற்குக் காரணம் படங்கள். எடுத்தவள் தங்கை. பக்கத்துத் தெருவில் குடியிருந்தாள். வெயில் சாய்கிற நேரம் பார்த்துப் போனோடு வந்துவிடுவாள். படத்தில் முகம் வராது. காதும் கழுத்தும் தோடும் மட்டும். காது அக்காவுடையது, வாடகைக்கு வேறு காது பிடிக்க அவர்களுக்கு வசதி ஏது? அந்தக் காதில் ஒரு தழும்பு உண்டு. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது தோட்டைப் பிடித்து இழுத்து மடலைக் கிழித்துவிட்டான். தையல் போட்டு, பக்கத்தில் புதிதாகக் குத்திக்கொண்டாள். தழும்பைப் பார்த்தால் யார் வாங்குவார்கள் என்று தங்கை ஒவ்வொரு படத்திலும் அதைத் தேய்த்து அழித்த பிறகுதான் கடையில் ஏற்றுவாள். கடையின் நெற்றியில் கம்பிக்காரி பெருமையாக எழுதி வைத்திருந்தாள்: முழுக்க முழுக்க ஒருத்தியின் கைவேலை.

இப்போது யாரோ ஒரு கடைக்காரி, அந்தப் படங்கள் தன்னுடையவை என்று புகார் கொடுத்திருந்தாள். ஆதாரமாக, கை வைக்காத அசல் படங்களையே கொடுத்திருந்தாளாம். உன்னிடம் அசல் இருந்தால் இந்த வாரத்துக்குள் காட்டு, இல்லாவிட்டால் கடை திரும்ப வராது என்று சந்தைக்காரர்கள் எழுதினார்கள். வாங்கினவர்கள் வருஷக்கணக்காக எழுதிய நல்ல வார்த்தை அத்தனையும் அதோடு போய்விடும். கூப்பிட்டுத் திட்டலாமென்றால் எதிரில் மனுஷரே இல்லை. இயந்திரம் அவள் பொறுமைக்கு நன்றி சொன்னது. இங்கே யார் பொறுமையாக இருக்கிறார்கள் என்று கம்பிக்காரி திரையைப் பார்த்துக் கத்தினாள். அசல் படங்கள் இருந்தது தங்கையின் போனில். அது தண்ணீரில் விழுந்து எல்லாம் போய்விட்டது என்று தங்கை மூக்கை உறிஞ்சினாள். போகட்டும் விடு என்று அக்காதான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

முன்பே இடம் பிடித்து வைத்திருந்ததால் அந்த வாரக் கடைசியில் இருவரும் கண்காட்சிக்குப் போனார்கள். அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு உள்ளே நுழைந்ததும், வாசலை ஒட்டிய பெரிய கடையில் ஆள் உயரப் பதாகை ஒன்று தொங்கியது. அதில் ஒரு காது. காதில் கம்பிக்காரி போன வருஷம் செய்த தோடு. கீழே மேசையில், அதைப் பார்த்து அச்சில் அடித்த மலிவுத் தோடுகள், கைவேலை என்ற சீட்டோடு குவிந்து கிடந்தன.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதாகையைக் கிழித்தெறியத்தான் போனாள். கிட்டே போனதும் கை நின்றுவிட்டது. மடலில் தழும்பு இருந்தது. தையல் போட்ட புள்ளிகூடத் தெரிந்தது. அந்தக் கடைக்காரிக்கு அது கண்ணில் படவே இல்லை போலிருக்கிறது. கடைக்குப் போன எந்தப் படத்திலும் அந்தத் தழும்பு கிடையாது. அது இருப்பது ஒரே ஒரு போனில்.

திரும்பிப் பார்த்தாள். தங்கை பெட்டியின் கயிற்றை அவிழ்ப்பதிலேயே குறியாக இருந்தாள், தலையே நிமிரவில்லை.

"போன் தண்ணியில விழலை, இல்ல?"

தங்கை அழுவாள் என்று கம்பிக்காரி நினைத்தாள். அவள் அழவில்லை.

"என் பேரைப் போடுன்னு உன்கிட்டதான் முதல்ல கேட்டேன். நீ சிரிச்சே. போன்ல ஒரு பொத்தானை அமுக்கினதுக்கெல்லாம் பேரான்னு கேட்டே. இந்தக் கடையம்மா என் படத்தைப் பார்த்துட்டு, யாரு எடுத்ததுன்னு கேட்டாங்க. அப்படிக் கேட்ட முதல் ஆள் அவங்கதான். கொடுத்துட்டேன். கடையை மூடுவாங்கன்னு சத்தியமா தெரியாது."

சிரித்தது உண்மைதான். அதற்காகக் கோபம் இம்மியும் குறையவில்லை. குறையாதது மட்டுமா, அதில் கொஞ்சம் தன் மேலேயே திரும்பியதில் கம்பிக்காரிக்கு ஆத்திரம் இன்னும் ஏறிற்று. தெரியாமல் செய்தாளாம். மூடின பிறகு தெரிந்ததே, அப்போது வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? கன்னத்தில் ஒன்று விட்டால் தேவலை என்று கை பரபரத்தது. பெரிய கடைக்காரி எழுந்து வந்து, வியாபார நேரத்தில் இங்கே என்ன சத்தம் என்று அதட்டினாள். கம்பிக்காரி அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

தலைமுடியைச் சுருட்டி உச்சியில் முடிந்தாள். நேரே போய்ப் பதாகையை ஒட்டி, காது வெளியே தெரியப் பக்கவாட்டில் நின்றாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று, இந்தக் காதையும் அந்தக் காதையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எடு," என்றாள் கம்பிக்காரி தங்கையிடம். "ரெண்டு காதும் தெரியற மாதிரி எடு. எடுத்து, அசலோட சேர்த்து சந்தைக்காரங்களுக்கு அனுப்பு. இது என் அக்கா காது, எடுத்தவ நான், இந்தம்மாகிட்ட கொடுத்தவளும் நான்னு எழுது. எழுதிட்டுக் கீழே உன் பேரைப் போடு. பேர் வேணும்னுதானே கேட்டே?"

தங்கை போனை எடுத்தாள். கோணம் பார்த்து, வெளிச்சம் பார்த்துத்தான் எடுத்தாள். படம் பளிச்சென்று விழுந்தது. பழக்க தோஷம், அவள் விரல் தானாகத் திரையில் தழும்பின் மேல் போயிற்று.

"அதை அழிச்சே, விரலை ஒடிச்சுடுவேன்," என்றாள் அக்கா.